தானே எடுக்கும் டிக்கெட்: செயலிகளுக்கான அணுகல்தன்மை விதிகள் தேறுமா?

புதுக்கோட்டை பேருந்தை நம்பி வாழும் மாவட்டம். ரயில் பாதை சில ஊர்களைத்தான் தொட்டுச் செல்கிறது. கந்தர்வகோட்டை, பொன்னமராவதி, மணமேல்குடி, ஆலங்குடி என்று எங்கிருந்து கிளம்பினாலும் முதலில் ஏறுவது பேருந்தில்தான். நகரப் பேருந்துக்கும் பக்கத்து ஊர்ப் பேருந்துக்கும் நடத்துநர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிடுவார். ஆனால் சென்னைக்கு இரவுப் பேருந்தில் இடம் வேண்டும் என்றாலோ, பல்லவன் விரைவு ரயிலில் இருக்கை வேண்டும் என்றாலோ, இன்று பெரும்பாலோர் கையில் எடுப்பது கைபேசியை. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் செயலி, 2025 ஜூலையில் வந்த ரயில்வேயின் ரயில்ஒன், சென்னையில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூ.ஆர். டிக்கெட் தரும் 'சென்னை ஒன்று' எனப் பயணத்தின் முதல் படி திரைக்குள் போய்விட்டது.

அந்தப் படியில் எல்லோராலும் ஏற முடிகிறதா? பார்வையற்ற ஒருவர், கை நடுக்கம் உள்ள ஒருவர், காது கேளாத ஒருவர், எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒருவர், யாரிடமும் கைபேசியை நீட்டாமல் தம் டிக்கெட்டைத் தாமே எடுக்க முடிகிறதா? இதை உறுதிசெய்ய இந்தியாவில் சட்டம் இருக்கிறது, தரநிலை இருக்கிறது, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. இவை புதுக்கோட்டைப் பயணிக்கு எவ்வளவு தூரம் பயன்படுகின்றன என்று ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் பலமும் ஓட்டையும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 டிசம்பரில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டிருந்தது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்றது. போக்குவரத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் அணுகல்தன்மைத் தரங்களை விதிகளாக வகுக்க வேண்டும் என்கிறது 40-ஆம் பிரிவு. சேவை தருபவர் அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும், விதிகள் வெளியான 2 ஆண்டுகளுக்குள் அவற்றின்படி சேவை தர வேண்டும் என்கிறது 46-ஆம் பிரிவு. தனியார் முன்பதிவு நிறுவனங்கள் "நாங்கள் அரசு இல்லையே" என்று ஒதுங்க இங்கே இடமில்லை. இந்த அளவில் சட்டத்தின் வாசகம் உறுதியானது.

ஓட்டை விதிகளில் இருந்தது. 2017 ஜூன் 15 அன்று வந்த விதிகளில் 15-ஆம் விதி இணையதளங்களைப் பற்றியும் அவற்றில் ஏற்றும் ஆவணங்களைப் பற்றியும் பேசியது. கைபேசிச் செயலிகளைத் தனியாகக் குறிப்பிடவில்லை. ஸ்மார்ட்போன் ஊர்தோறும் பரவிக்கொண்டிருந்த ஆண்டுகளில் செயலிகளுக்கென்று எழுதப்பட்ட தரம் இல்லாமலேயே ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிகள் வந்தன. 2023-இல்தான் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 17802 தரநிலை விதிக்குள் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு வந்த அரசு இணையதள வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பு செயலிகளையும் சேர்த்துக்கொண்டது.

இன்னொரு குறை அதைவிட ஆழமானது. சட்டம் "செய்தே ஆக வேண்டும்" என்றது. அதன் கீழ் வந்த விதியோ பல வழிகாட்டிகளைச் சுட்டிக்காட்டிவிட்டு, எது கட்டாயம், எது விருப்பம் என்று பிரிக்காமல் விட்டுவிட்டது. ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் 2005-இல் தொடுத்த பொதுநல வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது. 15-ஆம் விதியின் முதல் உட்பிரிவு தாய்ச்சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்து, விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்சத் தேவைகளைத் தனியே பிரித்து 3 மாதத்தில் கட்டாய விதி வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. வழக்குத் தொடுத்ததற்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே 19 ஆண்டுகள். வழக்கு தொடங்கியபோது பிறந்த பிள்ளை கல்லூரிக்கே போயிருக்கும்.

2025 ஏப்ரல் 30 அன்று, பிரக்யா பிரசூன் வழக்கில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு இன்னும் ஒரு படி முன்னே போனது. டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. அந்த வழக்கு வங்கி, தொலைத்தொடர்பு போன்ற சேவைகளின் அடையாளச் சரிபார்ப்பைப் பற்றியது. அதில் வந்த ஓர் உத்தரவு நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது: செயலி வடிவமைக்கும்போதும் புதிய வசதி சேர்க்கும்போதும் பார்வையற்றவர்களைக் கொண்டே சோதித்துப் பார்க்க வேண்டும். டிக்கெட் செயலிகளுக்கு இதே கடமையை விதிக்கத் தடையாக எதுவும் இல்லை.

தரநிலை எதை அளக்கிறது?

ஐ.எஸ். 17802 ஐரோப்பியத் தரமான இ.என். 301 549-ஐ ஒட்டியது. அதன் மையத்தில் இருப்பது டபிள்யூ.சி.ஏ.ஜி. எனப்படும் உலகளாவிய வழிகாட்டியின் 2.1 பதிப்பு, 'ஏ', 'ஏஏ' என்ற முதல் இரண்டு நிலைகள். இவை வெறும் காகித விதிகள் அல்ல என்பது ஒரு முன்பதிவைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தால் புரியும்.

பார்வையற்ற பயணி ஒருவர் புதுக்கோட்டையிலிருந்து சென்னை கிளாம்பாக்கத்துக்கு இடம் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் ஓடுகிறது. விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருளின் பெயரைச் சொல்லும். இருமுறை தட்டினால் அது தேர்வாகும். பேருந்துப் பட்டியல் வரை பெரும்பாலும் சிக்கல் இருக்காது. இருக்கை வரைபடம் வரும்போதுதான் சோதனை. ஒவ்வோர் இருக்கையும் பெயரிடப்படாத படமாக இருந்தால் காதில் விழுவது "பட்டன், பட்டன், பட்டன்" மட்டுமே. ஜன்னலோரமா, கடைசி வரிசையா, ஏற்கெனவே போன இடமா என்று தெரியாது. தரத்தின்படி எழுதப்பட்ட செயலி "இருக்கை 12, ஜன்னலோரம், காலி" என்று சொல்லும். காலி இடம் ஒரு நிறம், பெண்களுக்கான இடம் இன்னொரு நிறம் என்று வண்ணத்தால் மட்டும் வேறுபடுத்தினால் நிறக்குருடு உள்ளவருக்கும் அது பயனில்லை. நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதும் தரத்தில் உண்டு. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிவேறுபாடு வேண்டும் என்ற விதி, வெயிலில் பேருந்து நிலையத்தில் நின்று டிக்கெட் பார்க்கும் முதியவருக்கும் சேர்த்து உதவுகிறது. குறை சொல்லத் தொலைபேசி எண் மட்டும் கொடுத்தால் காது கேளாதவர் என்ன செய்வார் என்பதையும் இந்தத் தரம் யோசித்திருக்கிறது. உதவிச் சேவைகளும் அதன் வரம்புக்குள் வருகின்றன.

ஆகவே "இதெல்லாம் நகரத்து நிபுணர்களின் சடங்கு" என்று தள்ளிவிட முடியாது. மேலே சொன்ன ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும், டிக்கெட் கிடைக்காமல் நின்ற ஒரு மனிதரின் அனுபவம் இருக்கிறது.

தரநிலை அளக்காதவை

இனி மறுபக்கம். தரத்துக்கு முழுமையாக இணங்கிய செயலியும் புதுக்கோட்டையில் தோற்கலாம். அதற்கு நான்கு காரணங்களைக் காண்கிறேன்.

முதலாவது மொழி. திரையில் உள்ள மொழி எது என்று செயலி கருவிக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. தமிழ் இருந்தே ஆக வேண்டும் என்பது அந்த விதியில் இல்லை. முழுக்க முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும் செயலி சான்றிதழ் வாங்கிவிடலாம். தமிழ்வழியில் படித்து, பிரெயிலில் தமிழ் எழுதி வளர்ந்தவருக்கு அந்தச் சான்றிதழால் பயனில்லை. ஊர்ப் பெயர்கள் இதை இன்னும் கடினமாக்குகின்றன. புதுக்கோட்டைக்கு ஆங்கிலத்தில் ஒரு 'கே'யா, இரண்டா? கந்தர்வகோட்டை 'ஜி'யில் தொடங்குமா, 'கே'யிலா? இலுப்பூருக்கு எத்தனை 'எல்'? கண்ணால் பார்ப்பவர் பெயர்ப்பலகைகளைப் பார்த்துப் பழகியிருப்பார். காதால் மட்டும் ஊரை அறிந்தவர் ஊகித்து ஊகித்துத் தட்டெழுத வேண்டும். ஓர் எழுத்து மாறினால் "முடிவுகள் இல்லை". தமிழில் தட்டெழுதினாலோ, வாயால் சொன்னாலோ ஊர் கிடைக்க வேண்டும் என்பது இங்கே அடிப்படைத் தேவை.

இரண்டாவது, பொத்தானின் அளவு. 2.1 பதிப்பில் தொடும் இடம் 44 பிக்சல் இருக்க வேண்டும் என்பது மூன்றாம் நிலையில்தான் வருகிறது. இந்தியத் தரம் கோரும் இரண்டாம் நிலை வரை அளவைப் பற்றிய விதியே கிடையாது. சின்னஞ்சிறு கட்டங்களாக நெருக்கி வரைந்த இருக்கை வரைபடம் சோதனையில் தேறிவிடும். நடுங்கும் விரல் 12-ஐத் தொடப் போய் 13-ஐத் தொடும். 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு இரண்டாம் நிலையிலேயே 24 பிக்சல் என்று குறைந்தபட்சம் வைத்தது. புதிர் விடுவித்தோ கடவுச்சொல்லை நினைவில் வைத்தோதான் உள்நுழைய முடியும் என்ற நிலைக்கும் வரம்பு போட்டது. நம் தரம் இன்னும் முந்தைய பதிப்பில் நிற்கிறது.

மூன்றாவது நேரம். பணம் செலுத்த யு.பி.ஐ. செயலிக்குப் போய், ரகசிய எண் போட்டு, திரும்பி வருவதற்குள் முன்பதிவின் கெடு முடிந்துவிடலாம். திரைவாசிப்பானோடு இதே வேலைக்கு அதிக நேரம் பிடிக்கும். கெடுவை நீட்டிக்க வழி வேண்டும் என்பது தரத்தின் விதி. ஆனால் நேரம் தவிர்க்க முடியாத பகுதியாக இருக்கும் இடங்களுக்கு அதே விதி விலக்கும் தருகிறது. ஏசி இல்லாத வகுப்புகளுக்குக் காலை 11 மணிக்குத் தொடங்கும் தட்கல் போன்ற பந்தயத்தில் இந்த விலக்கே முழுப் பாகுபாடாக மாறிவிடுகிறது.

நான்காவது, சோதிக்கும் முறை. யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் பார்வையற்ற 32 பேர் 16 இணையதளங்களைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அவர்கள் சந்தித்த சிக்கல்களில் ஏறத்தாழ பாதியைத்தான் அன்றைய வழிகாட்டியின் விதிகள் தொட்டன. மீதிப் பாதி எந்த விதியையும் மீறாமலேயே மனிதரை நிறுத்தியது. தானியங்கிக் கருவி கொண்டு சோதித்துச் சான்றிதழ் வாங்கும் பழக்கம் இதனால்தான் ஆபத்தானது. விதிகள் தேவை, அவை மட்டும் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

எதிர்வாதங்கள்

"நடத்துநர் இருக்கிறார், நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவியாளருக்கும் கட்டணமும் இல்லை. பிறகு செயலி எதற்கு?" என்று கேட்கலாம். 2021 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சலுகை பெரிய விஷயம், அதில் ஐயமில்லை. ஆனால் அது சாதாரண நகரப் பேருந்துக்கு. மருத்துவத்துக்கும் வேலைக்கும் தேர்வுக்கும் வெளியூர் போகிறவருக்கு முன்பதிவு வேண்டும். மேலும் டிஜிட்டல் வழிக்குப் பணச்சலுகையும் போகிறது: சென்னை மெட்ரோவில் கியூ.ஆர். டிக்கெட்டுக்கு 20 சதவீதத் தள்ளுபடி; ரயில்வேயின் ஆர்-வாலட் வழியாக எடுத்தால் 3 சதவீதச் சலுகை. பயன்படுத்த முடியாத செயலியோடு தள்ளுபடியைச் சேர்த்தால், உடற்குறை உள்ளவர் அதே பயணத்துக்கு அதிகம் கொடுக்கிறார். இது வசதிக் குறைவு என்ற எல்லையைத் தாண்டிய அநீதி.

"இத்தனை பேருக்காக இவ்வளவு செலவா?" என்பது அடுத்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். பழைய, குறுகிய வரையறையில் எண்ணியபோதே இவ்வளவு. கண் மங்கிய முதியவர்களும் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களும் அதில் சேரவில்லை. செலவு என்ற வாதமும் புதிதல்ல. 1999-இல் சிட்னி ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் இணையதளத்தைத் தன்னால் பயன்படுத்த முடியவில்லை என்று புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்றவர் முறையிட்டபோது, சரிசெய்யப் பெரும் பணமும் நாளும் ஆகும் என்றது குழு. ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் அதை ஏற்கவில்லை. 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு விதித்தது. முதலிலேயே சரியாகக் கட்டினால் இருக்கைக்குப் பெயரிட ஆகும் உழைப்பு சொற்பம். கட்டி முடித்த பிறகு இடித்துத் திருத்தும்போதுதான் செலவு ஏறுகிறது.

மூன்றாவது வாதம் கொஞ்சம் நியாயமானது: செயலி அடிக்கடி புதுப்பிக்கப்படும், இன்று தேறியது அடுத்த பதிப்பில் உடையும், அப்போது பொறுப்பாளி யார்? இந்தக் கேள்விக்கு இன்றைய ஏற்பாட்டில் நேரான விடை இல்லை. போக்குவரத்துக் கழகம் ஒப்பந்த நிறுவனத்தைக் கைகாட்டலாம். நிறுவனம் கட்டண வாயிலைக் கைகாட்டலாம். அமலாக்கத்தை எடைபோட வேண்டிய இடம் இதுதான்.

அமலாக்கம் எங்கே வழுக்குகிறது?

சட்டத்தின் 89-ஆம் பிரிவில் முதல் மீறலுக்கு அபராதம் 10,000 ரூபாய் வரை. அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை. பெரிய ஒப்பந்தங்களின் முன் முதல் தொகை ஒரு பொருட்டல்ல. அதையும் விதிக்கச் செய்ய, பாதிக்கப்பட்டவரே முறையிட வேண்டியிருக்கிறது. மணமேல்குடியில் இருக்கும் ஒருவர் இருக்கை வரைபடம் பேசவில்லை என்பதற்காகச் சென்னையில் உள்ள மாநில ஆணையருக்கு எழுதி, விசாரணைக்குக் காத்திருந்து, செயலி சரியான பிறகு அடுத்த பதிப்பில் மறுபடி உடைந்தால் மறுபடி எழுத வேண்டும். சுமை முழுவதும் ஏற்கெனவே வெளியே நிறுத்தப்பட்டவரின் தோளில்.

கட்டடங்களுக்கு இதே சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. 44-ஆம் பிரிவின்படி, விதிகளுக்கு இணங்காத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் கிடையாது. அங்கே யாரும் புகார் செய்யக் காத்திருக்க வேண்டியதில்லை. சரிவுப் பாதை இல்லையென்றால் சான்று இல்லை. செயலிக்கு இப்படி ஒரு வாயில் இல்லை என்பதே முழு ஏற்பாட்டின் மிகப் பெரிய பலவீனம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் உள்ளது. பயணிகள் போக்குவரத்தின் இணையதளங்கள், செயலிகள், மின்னணு டிக்கெட்டுகள், தானியங்கி டிக்கெட் இயந்திரங்கள் ஆகியவற்றை அது பெயர் சொல்லிச் சேர்க்கிறது. துறையைப் பெயர் சொல்லிப் பிடித்தால் பொறுப்பு நழுவாது. நம் கட்டாய விதிகளும் டிக்கெட் சேவையை அப்படித் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

தீர்ப்பு

சட்டத்தின் வாசகம் தேறுகிறது. தரநிலை தேறுகிறது, ஆனால் பாதியளவுக்கே: தமிழுக்கும் விரலுக்கும் நேரத்துக்கும் அது இன்னும் வளர வேண்டும். அமலாக்கம் தேறவில்லை. இதனால் "இணக்கம் என்பதே வீண்" என்று முடிவுகட்டுவது தவறு. தரம் இல்லாவிட்டால் முறையிட அளவுகோலே இருக்காது. மாற வேண்டியது, இணக்கத்தை எந்த இடத்தில் கேட்கிறோம் என்பது.

ஒப்பந்தத்தில் கேட்க வேண்டும். ஐ.எஸ். 17802 சோதனையில் தேறாத செயலிக்கு இறுதித் தொகை இல்லை, ஒவ்வொரு பெரிய புதுப்பிப்புக்கும் மறுசோதனை என்று டெண்டரிலேயே எழுதினால், பயணியின் புகாருக்கு முன்பே நிறுவனம் தன் வேலையைச் செய்யும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம்; அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் நினைத்தால் அடுத்த ஒப்பந்தத்திலேயே முடியும்.

மாவட்டத்தில் சோதிக்க வேண்டும். புதுக்கோட்டை மண்டலம் கும்பகோணம் கோட்டத்தின் கீழ் இயங்குகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இங்கேயே இருக்கிறது. பார்வையற்றவர், காது கேளாதவர், கை நடுக்கம் உள்ளவர் சிலரை உரிய ஊதியத்தோடு அழைத்து, "யார் உதவியும் இல்லாமல், தமிழில், இங்கிருந்து கிளாம்பாக்கத்துக்கு ஒரு டிக்கெட் எடுங்கள்" என்று கேட்க வேண்டும். டிக்கெட் எடுப்பதோடு ரத்து செய்து பணம் திரும்பப் பெறுவதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். அவர்கள் முடித்தால்தான் செயலி தேறியது.

இந்த மாவட்டத்துக்கு அந்த அளவுகோல் அந்நியமானதல்ல. 1991-இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் இங்கே எழுத்தோடு நிற்கவில்லை. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்ததா என்பதோடு, யாரையும் எதிர்பார்க்காமல் நினைத்த இடத்துக்குப் போய்வர முடிந்ததா என்பதும் அங்கே வெற்றியின் அடையாளமாக இருந்தது. செயலிக்கும் அதுவே பொருத்தமான சோதனை.

கடைசியாக ஒன்று. எவ்வளவு நல்ல செயலியும் எல்லோருக்கும் எட்டாது. ஸ்மார்ட்போனே இல்லாதவர் இருக்கிறார், பார்வையும் செவித்திறனும் இல்லாதவர் இருக்கிறார். ஆகவே கவுன்டரும் நடத்துநரும் டிக்கெட் தருவது தொடர வேண்டும்; செயலிக்குத் தரும் தள்ளுபடி மாற்றுத்திறனாளிக்குக் கவுன்டரிலும் கிடைக்க வேண்டும். அதே சமயம் கவுன்டர் இருப்பதைச் சாக்காக வைத்துச் செயலியைக் குறையோடு விடவும் கூடாது. இரண்டு வழியும் திறந்திருந்து, எதில் போவது என்பதைப் பயணியே முடிவுசெய்யும்போதுதான் சட்டம் சொன்னது நடந்ததாகக் கொள்ளலாம். அதுவரை எந்தச் செயலி எந்தச் சான்றிதழைக் காட்டினாலும் அதைத் தேறியதாக ஏற்க முடியாது.